முக்கால் புஞ்சம்

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த கங்காதரனை, அரைக்காயில் என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். சும்மா கங்காதரன் என்று விசாரித்தால் எந்தக் கங்காதரன் என்று திருப்பிக் கேட்பார்கள். பட்டப்பெயர் வைப்பதில் இந்த ஊரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் இந்தப் பெயரில் கொஞ்சம்கூடக் கூட்டிச் சொன்னது இல்லை. பம்ப் செட் மோட்டார் எரிந்துபோய்க் கொண்டுவந்தால், கருகின கம்பியையெல்லாம் மின்னல் வேகத்தில் உரித்துப் போடுவான். புதுக் கம்பியைப் பாதி வரைக்கும் கட்டுவான். அப்புறம் எதிர் டீக்கடை ரேடியோ ஏன் கரகரக்கிறது என்று பார்க்கப் போய்விடுவான். ரேடியோவைப் பிரித்துப் பரப்பிய பிறகு, அந்தப் பக்கம் போகிற ஜட்கா வண்டியின் அச்சாணி ஏன் கிறீச்சிடுகிறது என்கிற கவலை வந்துவிடும். மோட்டார் பாதி, ரேடியோ பாதி, அச்சாணி பாதி. பயிர் காய்கிறதே என்று வயலிலிருந்து ஓடிவருகிறவனிடம், "ஆங், ஆயிகினே கீது" என்பான்.

வேலை தெரியாதவன் என்று அவனைச் சொன்னால் நாக்கு அழுகும். கை அப்படிப்பட்ட கை. மோட்டார் சத்தத்தைத் தெருவிலிருந்து கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லுவான். உட்காரத்தான் தெரியாது.

அம்மையார்குப்பத்தில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். பன்னிரண்டு வயதில் அப்பா அவனைக் குழித்தறியில் இறக்கினார். இடுப்புக்குக் கீழே குழிக்குள், இடுப்புக்கு மேலே தறிக்கு முன்னால், காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை. மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். நாலாவது வருஷம் ஒரு நாள், பாதிப் புடவை தறியிலேயே தொங்க, எழுந்து நடந்து திருத்தணிக்கு வந்து மெட்ராஸ் ரயிலேறிவிட்டான். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு கடையில் காயில் கட்டக் கற்றுக்கொண்டு, கிராமங்களுக்கெல்லாம் கரண்ட் கம்பி வந்த காலத்தில், அறுபத்தாறாம் வருஷம், திரும்பிவந்து இங்கே கடை போட்டான்.

அத்தை மகன், மாமன் மகள் முறை என்பதால் பொதட்டூர்பேட்டை மணியம்மையை அவனுக்குக் கட்டி வைத்தார்கள். அவள் நேர் எதிர். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்தாளானால் பக்கத்தில் கூரை பற்றி எரிந்தாலும், "இந்த நூல் கண்டு முடியட்டும், வரேன்" என்பாள். இழை எண்ணுவதில் அவளுக்குக் கண்ணே தேவையில்லை, விரலே எண்ணும். இந்தக் காலையும் அந்தக் கையையும் சேர்த்துக் கட்டினால் ஒரு முழு மனுஷன் தேறுவான் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். கடைக்குப் பின்னறையிலேயே குடித்தனம்.

எழுபதாம் வருஷம் ஆடி மாசத்தில் ஒரு காலை, "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் பம்பாயில் கப்பல் பழுது பார்க்கிற இடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். கப்பலுக்குள் இருக்கிற மோட்டார் எவ்வளவு பெரிது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். மார்கழியில்தான் திரும்பினான். கடிதாசி ஒன்றுகூடப் போடவில்லை. பாதி எழுதிய கடிதாசி மட்டும் சட்டைப் பையில் இருந்தது.

மணியம்மை அதற்குள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் பொதட்டூர்பேட்டைக்கு ஓடினான். அவள் ராட்டையிலிருந்து எழுந்திருக்கவில்லை. அழவில்லை, கத்தவில்லை. அவனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"பாவா, உன்ன நான் திட்டப் போறதில்ல" என்றாள். "நீ கெட்டவன் கிடையாது. குடிக்கிறதில்ல, கூத்தடிக்கிறதில்ல. ஆனா உன்னோட இருக்கறது பாதிப் படியில நிக்கற மாதிரி கீது. மேலயும் போவ முடியல, கீழயும் எறங்க முடியல. நீ ஆரம்பிச்சதுல ஒண்ண, ஒண்ணே ஒண்ண, கடைசி மட்டும் முடிச்சிட்டு வந்து கூப்பிடு. அன்னிக்கு வரேன்."

"அவ்ளோதானே? நாளைக்கே முடிச்சிடறேன்!"

"பாரு, இத்தயும் ஆரம்பிச்சிட்ட" என்றாள் மணியம்மை.

தை பிறந்தது. அவன் கடையில் ஒன்பது மோட்டார்கள் ஒன்பது நிலையில் கிடந்தன. ஒன்றை எடுத்து முடிக்கலாம் என்று உட்கார்ந்தால், இதை முடித்தால் அவள் மதிப்பாளா, அதையா முடிப்பது என்று மனசு அலைபாயும். எழுந்து ஸ்டேஷன் வரை நடப்பான். அங்கிருந்து மலையடிவாரம். படி ஏறுவான். பாதிப் படியில் நின்று கீழே கடையைப் பார்ப்பான். இறங்கி வருவான். முருகனே அவனை நினைத்து நொந்துகொண்டிருக்க வேண்டும், நாள் தவறாமல் பாதி தரிசனத்துக்கே ஒருத்தன் வந்து போகிறானே என்று.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாட்சரம் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டர். வேட்டி நுனிகூட அவசரப்படாத மனுஷர். பெட்டியைத் திறந்தார். உள்ளே மூன்றடி நீளத்துக்கு ஒரு படகு. வெள்ளை வர்ணம், சிவப்பு அடிப்பாகம், குட்டிக் கண்ணாடி ஜன்னல்கள். கூடவே ஒரு தகரப் பெட்டி, அதில் நீளமான ஒரு கம்பி, ஒரே ஒரு பொத்தான்.

"பெரம்பூர்ல ஒரு ஆங்கிலோ இந்தியன் டிரைவர். குடும்பத்தோட ஆஸ்திரேலியா போகும்போது எனக்குக் கொடுத்துட்டுப் போனார்" என்றார் பஞ்சாட்சரம். "கரையில நின்னு பொத்தானை அமுக்கினா ஒயர்லெஸ்ல படகு திரும்பும். ஒரு தடவை அமுக்கினா இடது, அடுத்த தடவை அமுக்கினா வலது. மோட்டார் பழசு, சீமைச் சரக்கு. இப்போ கொஞ்சம் திணறுது. தேஞ்சுபோன கார்பன் கட்டைய மட்டும் மாத்திக் கொடு போதும். மாசிக் கிருத்திகைக்கு மறுநாள் எனக்கு ஹூப்ளிக்கு மாற்றல். வேற எதையும் தொடாதே."

கங்காதரன் மோட்டாரைப் பார்த்தான். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. கறுப்புப் பலகைமேல் பித்தளைத் தாங்கி, நடுவில் கம்பி சுற்றிய மூன்று கால்களோடு சுழல்கிற ஆர்மேச்சர். காந்தம் வைத்த மோட்டார் இல்லை, காந்தம் இருக்க வேண்டிய இடத்திலும் காயில்தான். நூல் சுற்றிய பழைய கம்பி, ஒரு இழைகூடப் பிசகாமல் கட்டியிருந்தார்கள். பம்பாயில் கப்பல் மோட்டாரைப் பார்த்தபோதுகூட அவனுக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

கார்பன் மாற்ற ஐந்து நிமிஷம் ஆனது. முடித்துவிட்டான். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வேலை முடிந்து மேஜைமேல் இருந்தது. அப்படியே பெட்டியில் வைத்து மூடிவிட்டு மத்தியான பஸ்ஸுக்குப் பொதட்டூர்பேட்டை போயிருந்தால் இந்தக் கதையே கிடையாது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. தண்ணீரில் ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தால்தானே வேலை முடிந்ததாக அர்த்தம் என்று மனசு சொன்னது. அவன் மனசுக்குக் காரணம் சொல்லவா தெரியாது?

சரவணப்பொய்கையில் விட தைரியம் இல்லை. அதற்குச் சற்று தள்ளி ஒரு மடத்துக் குளம் உண்டு. ஒரு பக்கத்துக்கு முப்பது முப்பத்தைந்து அடி வைத்தால் முடிந்துவிடும். நடுவில் நாலு கால் மண்டபம், அதில் ஒரு கல் வேல். நாலு பக்கமும் படி. படகுக்குள் ஸ்கூட்டர் பேட்டரியை வைத்து, மேல்தட்டில் இருந்த சுவிட்சைத் தட்டித் தண்ணீரில் விட்டான்.

படகு போனது பார்க்க வேண்டிய அழகு. நேராகத்தான் போயிற்று முதலில். ஆனால் பின்னால் இருந்த பித்தளை இறக்கை வலப்பக்கமாகச் சுழன்றதால், அதன் எதிர்வீச்சில் படகின் மூக்கு மெல்ல மெல்ல இடப்பக்கம் இழுத்தது. இழுத்து இழுத்து, மண்டபத்தைச் சுற்றி வரத் தொடங்கியது. கல் வேலாயுதத்தை இடப்பக்கம் வைத்துக்கொண்டு. அப்பிரதட்சணமாக.

படிக்கட்டில் பூ விற்கும் சின்னம்மாள்தான் முதலில் பார்த்தாள். "அடேய் அரைக்காயிலு! இன்னாடா இது அக்கிரமம்! சாமிய எதுக்கால சுத்துதுடா! ஊருக்கு ஆவாதுடா!"

துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சாவுக்குத்தான் இப்படிச் சுற்றுவார்கள் என்று ஒருவர் சொன்னார். கங்காதரன் தகரப் பெட்டியை எடுத்தான். ஒரு தடவை அமுக்கினால் இடது, அடுத்தது வலது. நின்று நிதானமாக எண்ணி அமுக்க வேண்டிய பொத்தான் அது. அவனா எண்ணுவான்? பதறி எண்ணாமல் அமுக்கித் தள்ளினான். படகு முன்னைவிட வேகமாக இடப்பக்கம் வளைந்து, எதிர்ப்படியில் யாரோ விட்டுவிட்டுப் போன பழைய துண்டில் மாட்டிக்கொண்டது. துண்டு இறக்கையைச் சுற்றி இறுக்கியது. சுழல முடியாத மோட்டார் உறுமியது. கங்காதரன் குளத்தைச் சுற்றி ஓடி எட்டிப் பிடிப்பதற்குள் ஜன்னல்கள் வழியே புகை வந்துவிட்டது.

எரிந்த வார்னிஷ் வாசனை அவனுக்குத் தினம் பழகினது. அன்றைக்குக் குமட்டியது.

பஞ்சாட்சரம் கருகின ஆர்மேச்சரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபத்தில் கத்தியிருந்தால் தேவலை. "இதுக்கு மாத்து இந்தியாவிலேயே கிடையாது" என்றார். "செஞ்சவங்களே இப்போ செய்யறதில்லையாம். நீதான் கட்டணும். கிருத்திகைக்குப் பதினாறு நாள் இருக்கு."

"கட்டித் தரேன் சார்."

"உன்னை ஊர்ல என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்கன்னு விசாரிக்காம வந்தது என் தப்பு" என்று சொல்லிவிட்டு அவர் மெதுவாக நடந்துபோனார்.

எரிந்த காயிலைத் திரும்பக் கட்டுவதற்கு ஒரே வழிதான். பழைய கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எண்ண வேண்டும். எத்தனை சுற்றோ அத்தனை சுற்று புதுசு. பம்ப் செட் மோட்டார்களுக்கு அவனுக்குக் கணக்கு மனப்பாடம், எண்ண வேண்டிய அவசியமே வந்ததில்லை. இதற்கு எந்தப் புத்தகத்தில் கணக்கு இருக்கிறது? முதல் காலின் கம்பியைப் பிரித்து எண்ணினான். எழுபத்தொன்றில் வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள், விட்டுப்போனது. பிரித்த கம்பியை நீட்டிப் போட்டு, மடிப்புகளை வைத்து மறுபடி எண்ணினான். எண்பத்து நாலு வந்தது. இன்னொரு தடவை. எழுபத்தொன்பது. ஒரே கம்பிக்கு மூன்று கணக்கு. தலையில் அடித்துக்கொண்டான். மிச்சம் இரண்டு கால்கள்தான் இருந்தன. அவற்றையும் பிரித்துத் தொலைத்தால் எண்ணுவதற்கு உலகத்தில் எதுவும் இருக்காது.

அவன் அறிந்தவரை தப்பாமல் எண்ணுகிற கை ஒன்றுதான். அது பொதட்டூர்பேட்டையில் இருந்தது.

போகலாமா கூடாதா என்று மூன்று நாள் ஸ்டேஷனுக்கும் மலைக்கும் அலைந்தான். முடித்துவிட்டு வந்து கூப்பிடு என்றவளிடம், முடிக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு போவதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலாம் நாள் பஸ் ஏறிவிட்டான்.

மாமனார் கிருஷ்ணன் தறியை நிறுத்தாமலே, "வா" என்றார். மணியம்மை ராட்டைக்கு முன்னால் இருந்தாள். அவன் ஆர்மேச்சரைத் துணியிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"எரிச்சிட்டேன்" என்றான். "அடுத்தவங்க பொருளு. என்னால எண்ண முடியல மணி. மூணு வாட்டி எண்ணினேன், மூணு கணக்கு வருது. நீ எண்ணிக் குடு."

இதுவரை அவன் அவளிடம் முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆயிடும், முடிச்சிடறேன், நாளைக்கு என்றுதான் சொல்லியிருக்கிறான். அவள் அவனை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஆர்மேச்சரை மடியில் வைத்துக் கம்பி நுனியைத் தேடி எடுத்தாள். விரல்கள் ஓடின. அவன் வாசலுக்கும் உள்ளுக்குமாக ஏழு தடவை நடந்தான்.

"ஒரு காலுக்கு முக்கால் புஞ்சம்" என்றாள். "ரெண்டு காலும் ஒரே கணக்கு. மூணாவதும் அதேதான் இருக்கும்."

நெசவுக்காரர்களுக்கு நூற்றி இருபது இழை ஒரு புஞ்சம். பாவு ஓட்டுவதும் இழை பிணைப்பதும் அந்தக் கணக்கில்தான். முக்கால் புஞ்சம் என்றால் தொண்ணூறு. கங்காதரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓடிவந்து கடையில் உட்கார்ந்தான். முதல் காலில் முப்பது சுற்று, நாற்பது சுற்று, ஐம்பது... டீக்கடை ரேடியோவில் செய்தி. எழுந்துவிட்டான். திரும்பி வந்தபோது ஐம்பதா, ஐம்பத்தாறா? பிரித்தான். மறுபடி கட்டினான். மறுபடி பிரித்தான். மெல்லிய எனாமல் கம்பி, இரண்டு முறைக்கு மேல் பிரித்துக் கட்டினால் மேற்பூச்சு உரிந்துவிடும். கம்பியும் வீண், நாளும் வீண். கிருத்திகைக்கு ஆறு நாள் இருக்கும்போது மறுபடி பொதட்டூர்பேட்டை போய் நின்றான்.

"நீயே சுத்திக் குடு" என்றான். 

மணியம்மை கை நீட்டினாள். கம்பி உருளையை வாங்கிக்கொண்டாள். "உக்காரு. ஆவ நேரம் புடிக்கும்."

அவன் உட்கார்ந்தான். ஒரு கால் முடிகிற வரைக்கும்கூட உட்கார்ந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அவனுக்குப் பெரிசு. அப்புறம் காத்தாட நடக்கப் போனான். திரும்பிவந்தபோது மூன்று காலும் தயார். நகம் நுழையாத கட்டு. சீமைக்காரன் கட்டினதைவிட நேர்த்தியாக இருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை கிருத்திகை அன்னிக்கு மடத்துக் குளத்துல விடறேன். வந்து பாரேன்" என்றான்.

"பாக்கலாம்" என்றாள்.

கடைக்கு வந்து பற்றவைத்து, வார்னிஷ் பூசிக் காயவைத்து, பேட்டரியில் கொடுத்தான். மோட்டார் சுழன்றது. தேன் மாதிரி ஒரு சத்தம். கங்காதரன் துள்ளிக் குதித்தான். குதித்தவன் அப்படியே நின்றான்.

மோட்டார் எதிர்ப்பக்கம் சுழன்றுகொண்டிருந்தது.

ராட்டை சுற்றுகிறவள் கை எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம் சுற்றியிருந்தாள் மணியம்மை. பழைய கட்டு இதற்கு எதிர். சுற்று எத்தனை என்பதைப் பார்த்துப் பார்த்துக் கேட்டவன், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருப்பான், காத்தாட நடப்பதையே நினைத்துக்கொண்டிருக்காமல் அவள் கையைக் கவனித்திருந்தால். பேட்டரி ஒயரை மாற்றிக் கொடுத்தான். அப்போதும் அதே பக்கம்தான். காந்தமும் காயிலாக இருக்கிற மோட்டாரில் இரண்டும் சேர்ந்தே மாறிக்கொள்ளும், பக்கம் மாறாது. உள்ளே கார்பனுக்குப் போகிற இரண்டு முனைகளைப் பிரித்து மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும். அரைமணி வேலை.

பற்றவைக்கிற சால்டர் இரும்பைக் கையில் எடுத்தான். சூடேறியது. ஆனால் தொட மனசு வரவில்லை. மாற்றிவிட்டால் மணியம்மை சுற்றியது தப்பு என்று ஆகிவிடும். அவள் தப்பாகச் சுற்றவில்லை. சொல்லாமல் போனவன் அவன். பெண்டாட்டி ஆறு மாசம் காத்திருந்ததும் இப்படித்தானே, எங்கே போகிறேன் என்று இவன் சொல்லாமல் போனதால்தானே? சால்டர் இரும்பைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தான்.

நடக்கும்போதுதான் தோன்றியது. மோட்டாரை ஏன் திருப்ப வேண்டும்? இறக்கையைத் திருப்பினால்? இறக்கையின் சாய்வை எதிர்ப்பக்கம் வைத்துப் புதிதாகச் செய்தால் படகு முன்னால்தான் போகும். அப்புறம் எதிர்வீச்சும் எதிர்ப்பக்கம்தானே? மூக்கு வலப்பக்கம் இழுக்கும். வலம் வரும்.

நாலு நாள் பித்தளைத் தகட்டோடு மல்லாடினான். முதல் இறக்கை உதறியது. இரண்டாவது தண்ணீரைக் கலக்கியதே தவிரத் தள்ளவில்லை. மூன்றாவதைப் பாதி அரத்தில் விட்டுவிட்டு எழுந்து ஸ்டேஷன் வரை போனான். மெட்ராஸ் ரயில் நின்றுகொண்டிருந்தது. கால் ஊறியது. கையில் அரம் இருப்பதை அப்போதுதான் பார்த்தான். திரும்பி நடந்தான். பஞ்சாட்சரம் வியாழக்கிழமை வந்து பார்த்துவிட்டு, "மோட்டார் தலைகீழா ஓடுதேப்பா" என்றார்.

"மோட்டார் சரியாத்தான் ஓடுது சார். இறக்கைதான் இத்தினி நாளா தப்பா இருந்திச்சி" என்றான் கங்காதரன்.

மாசிக் கிருத்திகை அன்று காலை ஒன்பது மணிக்கே மடத்துக் குளத்துப் படிகளில் காவடிக்காரர்கள் நெரிந்தார்கள். கங்காதரன் படகைத் தூக்கிக்கொண்டு வந்ததும் சின்னம்மாள் பூக்கூடையை நகர்த்திவிட்டு எழுந்து நின்றாள். "இன்னிக்கும் எதுக்கால சுத்திச்சின்னா உன்ன நானே தள்ளி வுட்டுடுவேன்."

கங்காதரன் கூட்டத்தில் கண்ணை ஓட்டினான். மேல்படியில், ஒரு துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு மணியம்மை உட்கார்ந்திருந்தாள். 

சுவிட்சைத் தட்டி விட்டான். படகு போயிற்று. மெல்ல வலப்பக்கம் வளைந்தது. கரையில் கூட நின்ற பஞ்சாட்சரம் பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். படகு கேட்கவில்லை. மறுபடி அமுக்கினார். உள்ளே சுக்கானை அசைக்கிற கருவிக்கு ஒரு ரப்பர் வளையம்தான் உயிர். பழைய ரப்பர், வெயிலில் அறுந்துவிட்டது. இனி அதைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. மோட்டார் சுவிட்ச் படகின் மேல்தட்டில் இருந்தது.

ஆனால் படகு மண்டபத்தை வலம் வந்துகொண்டிருந்தது. கல் வேலை வலக்கைப் பக்கம் வைத்து, யாரும் பிடித்து ஓட்டாமல், தானாக, ஒரு சுற்று. இரண்டு சுற்று. சின்னம்மாள் வாயில் வந்த திட்டு வாயிலேயே நின்றது. கை குவிந்தது. "முருகா!" என்றாள். ஒரு கைப்பிடிப் பூவை அள்ளித் தண்ணீரில் வீசினாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? காவடியை இறக்கி வைத்தவர்கள் எல்லாம் படகைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நீச்சல் தெரிந்த ஒருவர் குதித்துப் பிடிக்கிறேன் என்று வேட்டியை மடித்தார். நாலு பேர் அவரை இழுத்துப் பிடித்தார்கள். "பிரதட்சணம் பண்ணிகினு கீது, நடுவுல நிறுத்தக் கூடாது! நூத்தெட்டு ஆவட்டும்!"

நூற்றெட்டு!  ஸ்கூட்டர் பேட்டரி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். ஒரு சுற்றுக்கு முக்கால் நிமிஷம். கங்காதரன் விரலை விட்டு எண்ணிப் பார்த்தான், கணக்கு வரவில்லை. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. மேல்படியைப் பார்த்தான். மணியம்மையின் உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள். போய் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். எண்ணுகிறவள் பேசமாட்டாள். பக்கத்திலேயே இருந்தான். எழுந்திருக்கவில்லை. முட்டி ஆடியது, இரண்டு கையாலும் அதைப் பிடித்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஐம்பது ஆனது. எண்பது ஆனது. தொண்ணூற்றைந்தில் மோட்டார் சத்தம் தளர்ந்தது. நூறுக்கு ஊரே கத்தியது. நூற்றி மூன்றாவது சுற்றில், வடக்குப் படிக்குப் பக்கத்தில், படகு நின்றுவிட்டது.

குளம் முழுக்க ஒரு "ச்சே" கேட்டது. "அரைக்காயில் வேலைன்னா அப்படித்தானே இருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பும் கேட்டது.

கங்காதரன் எழுந்தான்.  இத்தனை வருஷமாக அவன் எழுந்தால் எந்தப் பக்கம் போவான் என்று மணியம்மைக்குத் தெரியும். அவன் படியில் இறங்கினான். செருப்பைக் கழற்றவில்லை, வேட்டியை மடிக்கவில்லை, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டான். நீச்சல் தெரியாது. தண்ணீருக்குள் இருந்த படிமேல் காலைத் தடவித் தடவி வைத்து, படகை முன்னால் தள்ளிக்கொண்டு, மண்டபத்தை வலப்பக்கம் வைத்து நடக்கத் தொடங்கினான். பாசி வழுக்கியது. ஒரு தடவை விழுந்தான். தண்ணீர் குடித்து எழுந்து மறுபடி தள்ளினான்.

நூற்றி நாலு. நூற்றி ஐந்து. இப்போது ஊரே சேர்ந்து எண்ணியது. நூற்றெட்டுக்கு எழுந்த அரோகரா மலை உச்சிவரைக்கும் கேட்டிருக்கும். சின்னம்மாள் கூடையில் மிச்சமிருந்த பூ முழுவதையும் அவன் தலையில் கொட்டினாள். காவடிகள் மலைக்குக் கிளம்பின. கூட்டம் கலைந்தது. கங்காதரன் மூச்சு வாங்கிக்கொண்டு படகை மேலே தூக்கப் போனான்.

"நூத்தி ஒம்பது" என்றாள் மணியம்மை.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நூத்தெட்டு அவங்க கணக்கு" என்றாள். "நம்ம கணக்குல புஞ்சத்துக்கு இன்னும் பன்னெண்டு கீது. பாதியில வுட்டா எப்படி?"

பஞ்சாட்சரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குச் சாமான் கட்டுகிற வேலை பாக்கி இருந்தது. இருந்தாலும் படியில் உட்கார்ந்துகொண்டார். கங்காதரன் படகை மறுபடி தண்ணீரில் வைத்தான். கைதட்ட ஆள் இல்லை, எண்ண ஆள் இல்லை, அவளைத் தவிர. தொடை கடுத்தது, கால் விரலில் ரத்தம் வந்தது. அவன் தள்ளத் தள்ள அவள் மேல்படியிலேயே கூட நடந்து வந்தாள், மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு. நூற்றிப் பத்து. நூற்றிப் பதினைந்து. நூற்றிப் பத்தொன்பதில் அவனுக்கு அழுகை வந்தது. தண்ணீரில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"புஞ்சம்" என்றாள் மணியம்மை.

படகைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பஞ்சாட்சரத்திடம் கொடுத்தான். அவர் அதை வாங்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். கங்காதரன் வேட்டியைப் பிழிந்தபடி நின்றான்.

"பொதட்டூர்பேட்டைக்கு மூணு மணிக்கு ஒரு பஸ்ஸு கீது" என்றான். முடித்துவிட்டேன், வா என்று கூப்பிட வேண்டியவன் அவன். அதைக் கேட்க நாக்கு எழவில்லை.

"எந்த பஸ்ஸு?" என்றாள் அவள். "கடைச் சாவியக் குடு."

அவன் மடியைத் தடவினான், சட்டைப் பையைத் தடவினான், முழித்தான். "கடையப் பூட்டவே இல்ல மணி. தொறந்து போட்டுட்டு வந்துட்டேன்."

"அது எனக்குத் தெரியாதா?"

மூட்டையை அவன் கையில் கொடுத்தாள். கனத்தது. ஒரு நாள் கோயிலுக்கு வருகிறவள் மூட்டை அவ்வளவு கனக்காது. முடிச்சு வழியே பார்த்தான். நாலு புடவை, அவளுடைய குத்துவிளக்கு, அடியில் பிரித்து வைத்த ராட்டை. காலையில், படகைத் தண்ணீரில் விடுவதற்கு முன்னால், பொதட்டூர்பேட்டையில் பஸ் ஏறும்போதே கட்டிய மூட்டை.

"அப்போ பன்னெண்டு சுத்து எதுக்கு?" என்றான்.

"கணக்குன்னா கணக்குதான் பாவா" என்று சொல்லிவிட்டு மணியம்மை முன்னால் நடந்தாள். ஈரக் காலோடு அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான், வழியில் எதையும் நின்று பார்க்காமல்.